முதலில் கத்தரிக்கோல் வாங்குங்கள்

எங்கள் படுக்கையறை அலமாரியில் ஒரு துணிப்பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்ததும் முதலில் கையில் படுவது கத்தரிக்கோல். அதற்கு அடியில்தான் கைப்பட்டைகள், கயிறு, கண்கட்டு எல்லாம் கிடக்கும். சம்மதத்தோடு ஒருவரை ஒருவர் கட்டி விளையாடும் படுக்கையறை விளையாட்டுக்கான சாமான்கள் அவை. இந்த வரிசை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே நசுங்கும் என்பதுதான் என் பிழைப்பு. அப்படி இருந்தும், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நானும் என் கணவரும் முதன்முதலாக வாங்கியது மெல்லிய உலோகக் கைவிலங்கு. பார்க்க அழகாக இருந்தது. அவருக்கு மாட்டிவிட்டேன். அவர் புரண்டு படுத்தபோது உடம்பின் பாரம் கைமேல் விழுந்து, விலங்கு இரண்டு பல் இறுகிவிட்டது. "ஏய், இறுகுது, கழட்டு" என்றார். சாவியைக் காணவில்லை. தலையணைக்கு அடியில் வைத்ததாக எனக்கு நினைவு. அது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கழற்றிய பிறகு அவருடைய இடது கட்டைவிரலின் முதுகுப்பக்கம் மரத்திருந்தது. அது சரியாவதற்கு மூன்று வாரம் பிடித்தது.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, தோலுக்கு மிக அருகில், ரேடியல் நரம்பின் உணர்ச்சிக் கிளை ஒன்று ஓடுகிறது. விலங்கு மாட்டப்பட்ட கைதிகளுக்கு அது நசுங்கி இப்படி மரத்துப்போகும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள் நான். வீட்டில் அந்தப் பாடம் எனக்குத் தலையில் ஏறவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது எப்படிக் கழலும் என்பதுதான். எப்படிக் கட்டுவது என்பது அப்புறம். இந்தக் கட்டுரையும் அந்த வழியில்தான் போகும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது முதலுதவிப் பெட்டிகளில் வரும் கத்தரிக்கோல். அதன் கீழ் அலகின் நுனி மழுங்கியிருக்கும். தோலுக்கும் கட்டுக்கும் நடுவில் நுழைத்தால் குத்தாது. வாங்கிய அன்றே, நீங்கள் பயன்படுத்தப்போகும் கயிற்றில் ஒரு துண்டை மடித்து வெட்டிப் பாருங்கள். மென்றுகொண்டு நின்றால் வேறு வாங்குங்கள். வைக்க வேண்டிய இடம், கட்டுகிறவர் எழுந்திருக்காமல் எட்டும் தூரம். பூட்டு இருக்கும் சாமான் என்றால் இரண்டு சாவி. ஒன்று ஒரே ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். கயிறு விலையுயர்ந்தது என்று வெட்டத் தயங்குகிறவர் கயிறு வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது பேச்சு. இதற்குக் காசு இல்லை என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் விருப்பம் என்பது தொடக்கம் மட்டுமே. நான் கிளினிக்கில் புதிதாக வருகிறவரிடம் கேட்பதைத்தான் இங்கேயும் கேட்கச் சொல்வேன். தோள் எப்போதாவது இடம் பெயர்ந்திருக்கிறதா? ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, அடிக்கடி மயக்கம் உண்டா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கிறீர்களா? அப்புறம் உடம்பைத் தாண்டிய கேள்விகள்: எந்த இடத்தைத் தொடக் கூடாது, எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, இருட்டென்றால் பயமா? சம்மதத்தை எந்த நொடியிலும் திரும்பப் பெறலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். குடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். வலி தெரியாமல் போகும், முடிச்சும் தப்பாகப் போகும்.

நிறுத்தும் சொல் ஒன்று வேண்டும். "ஐயோ", "வேண்டாம்", "விடு" எல்லாம் விளையாட்டின் நடுவே சிரித்துக்கொண்டும் வந்துவிடும், அதனால் அவை உதவா. பலரும் சாலை விளக்கின் நிறங்களையே வைத்துக்கொள்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே கழற்று, மஞ்சள் என்றால் மெதுவாக, பச்சை என்றால் சரி. பேச முடியாத நிலை வரலாம் என்றால் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள். அது கீழே விழுந்தால் சிவப்பு. தூங்கிப்போனாலும் மயங்கினாலும்கூட அது விழும் என்பதால் எனக்குச் சொல்லைவிட இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

இப்படி ஆசைப்படுவதே ஒரு நோயோ என்று சிலர் மனதுக்குள் புழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. சம்மதத்தோடு நடக்கும் இந்த வகை விருப்பங்களை அது நோயாக வைத்திருக்கவில்லை. பழைய பதிப்பில் இருந்த அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டார்கள். அது போதும்.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அகலமான கைப்பட்டை. தோலிலும் வரும், நியோப்ரீன் என்ற ரப்பர் துணியிலும் வரும். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உள்ளே மெத்தென்ற உறையும் இருக்க வேண்டும். இழுக்கும் விசை ஒன்றுதான்; அது பரவும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். மெல்லிய விலங்கும், பிளாஸ்டிக் கேபிள் டையும் கெட்டவை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. கேபிள் டை ஒருவழிப் பாதை, இறுகும், தளராது. அதைத் தொடவே வேண்டாம். உலோக விலங்குதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மாட்டிய பின் இறுகாமல் நிறுத்தும் இரட்டைப் பூட்டு உள்ளதை வாங்கி, அந்தப் பூட்டை ஒவ்வொரு தடவையும் போடுங்கள். எங்களுடையதில் அது இல்லை.

பட்டையின் மூடும் விதத்தைக் கவனியுங்கள். வெல்க்ரோ என்றால் கட்டப்பட்டவரே முயன்று பிரித்துக்கொள்ளலாம். அதைக் குறை என்று நினைக்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு அதுதான் அதன் பெருமை. ஊசி வைத்த பக்கிள் வேறு மாதிரி. அதைக் கழற்ற, வாரை முதலில் இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினால்தான் ஊசி துளையிலிருந்து வெளியே வரும். பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. பட்டைகளை ஒன்றோடொன்று கோக்கும் கொக்கியும் அப்படித்தான். சாதாரண ஸ்னாப் கொக்கி இழுவையில் இருக்கும்போது திறக்க மறுக்கும். குதிரைக்காரர்கள் பயன்படுத்தும் பானிக் ஸ்னாப் என்ற கொக்கி உண்டு, பாரத்தோடு இருந்தாலும் வளையத்தைத் தள்ளினால் விட்டுவிடும். ஒன்று வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

மாட்டும்போது மணிக்கட்டு எலும்பின்மேல் அழுந்தாமல், முன்கைப் பக்கம் சற்றுத் தள்ளி மாட்டுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மெத்தைக்கு அடியில் ஓடும் வார்களோடு வரும் தொகுப்பு, கட்டில் கம்பியைத் தேடும் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் எந்தக் கைப்பட்டையிலும் உடம்பின் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது.

பட்டுத்துணி, டை, காலுறை போன்றவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள், வீட்டில் இருப்பதால். மென்மையான துணி இழுக்க இழுக்கக் கயிறுபோல் திரண்டு மெலிந்துவிடும். முடிச்சு தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். நகத்தால் பிரிக்க முடியாது. மென்மையானது பத்திரமானது என்ற நினைப்பு இங்கே தப்பு. அந்தத் துணியைக் கண்ணைக் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கென்றே விற்கும், தன்மேலேயே ஒட்டும் டேப் பரவாயில்லை. பசை இல்லாத பிவிசி அது, தோலையும் முடியையும் பிடிக்காது. இழுத்துச் சுற்றினால் அடுக்கடுக்காக இறுகும். தளர்வாகச் சுற்றி, கத்தரித்துக் கழற்றுங்கள்.

கயிறு தனி உலகம். ஜப்பானில் கைதிகளைக் கயிற்றால் கட்டும் ஹோஜோஜுட்சு என்ற கலை சாமுராய் காலத்தில் இருந்தது. அதன் வடிவங்களை எடுத்து அழகியலாக மாற்றியவர்களில் ஓவியர் இட்டோ செய்யு (1882–1961) முக்கியமானவர். அந்தக் கட்டுகளின் படங்களைப் பார்த்து மயங்கி, முதல் வாரமே ஆளை உத்தரத்தில் தொங்கவிடப் பார்க்கிறவர்கள் உண்டு. தொங்கவிடும் கட்டை எழுத்தில் கற்றுக்கொள்ள முடியாது. நான் சொல்லித்தரவும் மாட்டேன்.

தரையிலோ மெத்தையிலோ கட்டிப் பழக, 6 மில்லிமீட்டர் தடிமனில், எட்டு மீட்டர் நீளத்தில் இரண்டு பருத்திக் கயிறு போதும். சணல் கயிறு முடிச்சைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரன்தான், ஆனால் சொரசொரப்பு, துவைத்தால் கெடும். நைலான் வழுக்கும்.

ஒரு கட்டு மட்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: ஒற்றை மணிக்கட்டைக் கட்டும் கட்டு. கயிற்றை நடுவில் இரட்டையாக மடியுங்கள். மடிப்பு முனை ஒரு முழம் மிஞ்சும்படி விட்டு, முன்கையைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று சுற்று, பாயின் கோரைபோல் பக்கம் பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். இப்போது மடிப்பு முனையை எல்லாச் சுற்றுகளுக்கும் மேலாகக் குறுக்கே கொண்டுவந்து, எல்லாச் சுற்றுகளுக்கும் அடியில் நுழைத்து வெளியே எடுங்கள். பிறகு அதையும் கயிற்றின் நீண்ட பக்கத்தையும் சேர்த்து, வலதின்மேல் இடது, இடதின்மேல் வலது என்று சதுர முடிச்சு போடுங்கள். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு புரளும். முடிந்ததும் நீண்ட பக்கத்தைப் பிடித்து நன்றாக இழுங்கள். சுற்று இறுகினால் எங்கோ தப்பு. அவிழ்த்து மறுபடி போடுங்கள். இறுகாமல் நின்றால் சரி. இதை முதல் இருபது தடவை உங்கள் தொடையிலேயே கட்டிப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்க வந்த பிறகு இன்னொருவர் கையைக் கேளுங்கள். கயிற்றை உருவும்போது வேகம் வேண்டாம், தோல் வெந்துபோகும். உங்கள் விரலைத் தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் வைத்து உருவினால், சூடு முதலில் உங்களுக்குத் தெரியும்.

இப்போது என் தொழில். இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

கட்டக் கூடாத இடங்கள் சில உண்டு. கழுத்து முழுவதும், எந்தப் பொருளாலும், எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அக்குள் கூடாது. மேற்கையின் வெளிப்பக்கத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது. அங்கே நசுங்கினால் மணிக்கட்டு தொங்கிவிடும், நிமிர்த்த முடியாது. முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்கிறதே, அங்கே அல்னர் நரம்பு. காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிப் போகும் நரம்பு நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாது.

கை சில்லிட்டுப்போவது, நிறம் மாறுவது இரத்த ஓட்டத்தின் பிரச்சினை. தளர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் சரியாகும். நரம்பு அப்படி இல்லை. வலியே இல்லாமல் மரத்துப்போகும், சில நிமிடத்திலேயே சேதம் ஆகலாம், திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகும். "மரத்துப்போச்சா?" என்று கேட்டால், விளையாட்டைக் கெடுக்கக் கூடாதென்று "இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். என் கணவர் அப்படித்தான். அதனால் கேட்பதை விட்டுவிட்டுச் செய்யச் சொல்கிறேன். உள்ளங்கையால் ஒரு வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டைப் பின்னால் மடக்கு: ரேடியல் நரம்பு வேலை செய்கிறது. ஐந்து விரலையும் விரி: அல்னர். கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடு: மீடியன். காலைக் கட்டியிருந்தால் பாதத்தை முகத்தை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். கட்டும் முன்பு ஒரு தடவை, கட்டிய உடனே ஒரு தடவை, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பலம் குறைந்தாலோ கூசினாலோ முழுசாகக் கழற்றுங்கள், தளர்த்துவதோடு விடாதீர்கள். கழற்றிய பிறகும் பலவீனம் தொடர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எப்படி ஆனது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். எங்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

நேரம்? முதல் சில தடவை பத்து, பதினைந்து நிமிடம். கை தலைக்கு மேலே என்றால் அதற்கும் குறைவு. நிற்க வைத்துக் கட்டினால் மயக்கம் வரலாம், விழுந்தால் எல்லாப் பாரமும் மணிக்கட்டில் ஏறும். உட்காரவோ படுக்கவோ வையுங்கள். கைகால்களைப் பின்னால் சேர்த்துக் கட்டிக் குப்புறப் போடுவது மூச்சை அடைக்கும் நிலை. அதில் உயிர் போயிருக்கிறது. கட்டப்பட்டவரைத் தனியே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போகக் கூடாது, கதவு மணி அடித்தாலும் கூட. தன்னைத்தானே கட்டிக்கொண்டு தனியாக இருப்பதும் அதே ஆபத்துதான்.

பயமுறுத்தியது போதும். என் கணவர் இதை எழுதும்போது எட்டிப்பார்த்து, "உன் பேஷன்ட்டுக்கு எழுதற மாதிரி இருக்கு" என்கிறார். புலன்களுக்கு வருகிறேன்.

கண்கட்டு இந்தப் பெட்டியிலேயே மலிவானது, ஆனால் அதிகம் செய்வது அதுதான். தூங்கும்போது போடும் முகமூடி போதும், கண்ணிமைமேல் அழுத்தாமல் குழிவாக இருப்பது நல்லது. லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கண்ணைக் கட்டியவரை நடக்க விடாதீர்கள். பார்வை போனதும் கவனம் எல்லாம் காதிலும் தோலிலும் குவியும். அறைக்குள் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதே அவருக்குப் பெரிய விஷயமாகிவிடும். அதனால் அவசரம் வேண்டாம். ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்து பாருங்கள்.

காதை மூடும் ஹெட்ஃபோன் அடுத்த படி. வெளியுலகத்தை முழுக்க அடைத்தால் மனம் என்ன செய்யும் என்று பார்க்க அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜான் லில்லி 1954-இல் நீர்த்தொட்டி ஒன்றை உருவாக்கினார். அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. கண், காது இரண்டையும் ஒன்றாக அடைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாகப் பழகுங்கள். காது அடைத்திருக்கும்போது ஒரு கை எப்போதும் அவர்மேல் இருக்கட்டும். இல்லாவிட்டால் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டதாகத் தோன்றும். வாயை அடைக்கும் பந்துகளை நான் வைத்துக்கொள்வதில்லை. மூக்கடைப்பு, வாந்தி, எச்சில் என்று கவலைகள் அதிகம். சுகம் அதற்கு ஈடில்லை என்பது என் தீர்ப்பு.

தொடுதலில் உடம்பு ஒரே மாதிரி இல்லை. விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைத்த இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணர முடியும். முதுகில் அவை மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால்தான் இரண்டு என்று தெரியும். ஆகவே இறகை முதுகில் வீணாக்காதீர்கள். உள்ளங்கை, முன்கையின் உள்பக்கம், காதின் பின்புறம் என்று போங்கள். முதுகுக்கு முழு உள்ளங்கை. வேகத்துக்கும் கணக்கு இருக்கிறது. முடி உள்ள தோலில் மென்மையான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை போக எட்டு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு வினாடியில் முடித்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் ஓயாமல் தடவினால் தோல் அதை மறந்துவிடும். நிறுத்தி, வேறு பொருளை எடுத்து, வேறு இடத்தில் தொடங்குங்கள்.

ஐஸ் கட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வைத்தால் ஈரத் தோலில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி எடுத்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்துங்கள். மெழுகுவர்த்தி என்றால் இதற்கென்றே விற்கும், குறைந்த சூட்டில் உருகும் சோயா அல்லது பாரஃபின் மெழுகு. தேன்மெழுகு வேண்டாம், அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் முதல் துளியை விட்டுப் பாருங்கள். உயரத்திலிருந்து விட்டால் விழும் வழியில் ஆறும், தாழ்ந்தால் சுடும். முகத்துக்கும் முடிக்கும் அருகே போகாதீர்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

முள் சக்கரம் ஒன்று கடைகளில் பார்ப்பீர்கள். நரம்பியல் மருத்துவர் ராபர்ட் வார்ட்டன்பர்க் (1887–1956) பெயரில் வழங்கும் கருவி அது. தோலின் உணர்ச்சியைச் சோதிக்க எங்கள் துறையில் உருட்டிப் பார்த்தோம். அதன் எடையே போதும், அழுத்தாதீர்கள். தோலைக் கீறலாம் என்பதால் ஒருவருக்கு ஒன்று, பகிர்ந்துகொள்ளக் கூடாது.

முடிக்கும்போது கட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். நெடுநேரம் மேலே இருந்த கையைத் திடீரென்று கீழே இறக்கினால் தோள் வலிக்கும். முழங்கையைத் தாங்கிப் பிடித்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். போர்வை, தண்ணீர், பக்கத்தில் ஆள். சிலருக்கு உடனே அழுகை வரும், சிலருக்கு மறுநாள் மத்தியானம் காரணமில்லாமல் மனம் சோர்ந்துபோகும். கட்டுகிறவருக்கும் அது வரும், இதை யாரும் சொல்வதில்லை. மறுநாள் ஒரு போன் செய்து, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பேசிவிடுங்கள்.

பிறகு சுத்தம். பருத்திக் கயிற்றை வலைப்பையில் போட்டு மெஷினில் துவைத்து, இழுத்துக் கட்டி உலர்த்துகிறேன். தோல் பட்டையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். நியோப்ரீனைக் கையால் அலசலாம். வெல்க்ரோவில் நூல் சிக்கியிருந்தால் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுவேன், நூல் சேர்ந்தால் அது பிடிக்காது. எல்லாம் காய்ந்த பிறகு பெட்டிக்குள் போகும். கத்தரிக்கோல் கடைசியில்.